குழந்தைகளின் தசையில் சீழ் பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல், உடம்பில் ஒரே இடத்தில் வலி, அந்த இடத்தை அசைக்க மறுப்பது. ஒரு குழந்தைக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் "எங்கேயோ விழுந்திருப்பான், சுளுக்காக இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. தசைக்குள் சீழ் பிடிக்கும் நோய் அடிக்கடி வருவதல்ல. ஆனால் வந்தால் முதல் வாரத்தில் பிடிபடாமல் நழுவுவதுதான் அதன் வழக்கம். நழுவிய நாட்களில்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

தசையில் சீழ் பிடிப்பது என்றால் என்ன? தோலில் வரும் கட்டிதானே இது?

இல்லை. தோல் கட்டி மேலிருந்து தொடங்கும். சிவந்து, பழுத்து, கண்ணுக்குத் தெரியும். பையோமயோசைடிஸ் எனப்படும் தசைச் சீழ் நோயில் பாக்டீரியா ரத்தத்தின் வழியாக வந்து, கைகால்களை அசைக்கும் தசைகளுக்குள் தங்கிப் பெருகுகிறது. அதனால் மேல்தோல் பல நாட்களுக்கு எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும். பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவர்களும் ஏமாறுவது இங்கேதான்.

ஜெர்மானிய மருத்துவர் ஸ்க்ரிபா 1885-இல் இதை வெப்பமண்டல நோயாக விவரித்தார். இன்றும் வெப்பமான நாடுகளில்தான் அதிகம் என்றாலும், குளிர் நாடுகளிலும் குழந்தைகளுக்கு வருகிறது.

எந்தக் கிருமியால் வருகிறது?

பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும் கிருமி இது. அடுத்தது 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தாக்கும் வேகம் அதிகம். நிமோகாக்கஸ், குடல் பாக்டீரியாக்கள், காசநோய்க் கிருமி ஆகியவை அரிது; நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைகளில் இவற்றையும் தேட வேண்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸிலும் எல்லாம் ஒன்றல்ல. வெள்ளணுக்களைத் துளைத்துக் கொல்லும் பி.வி.எல். என்ற நச்சைச் சுரக்கும் வகைகள் பல இடங்களில் ஒரே சமயம் சீழ் பிடிக்கவும், நுரையீரலைச் சிதைக்கவும், ரத்தக்குழாயில் உறைவு ஏற்படவும் காரணமாகின்றன. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகையில் இந்த நச்சு இருப்பது அதிகம். ஆனால் சாதாரண மருந்துக்கு அடங்கும் வகையிலும் அது இருக்கலாம்.

ரத்தத்தில் கிருமி போனாலே தசையில் சீழ் பிடித்துவிடுமா?

பிடிக்காது. தசை எளிதில் விட்டுக்கொடுக்காத திசு. பாக்டீரியா வளர இரும்புச்சத்து வேண்டும். தசையில் இருக்கும் இரும்பை மயோகுளோபின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. 1904-இல் மியாகே என்ற ஆய்வாளர் முயல்களில் செய்த சோதனை இதைக் காட்டியது: ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸைச் செலுத்தினால் மட்டும் தசையில் சீழ் வரவில்லை, முன்கூட்டியே காயப்படுத்திய தசையில்தான் வந்தது.

காயம் என்றால் பெரிய அடியாக இருக்க வேண்டியதில்லை. பந்து பட்ட தொடை, படியில் தடுக்கி விழுந்தது, பழக்கமில்லாத கடும் ஓட்டம் போதும். உள்ளே கசிந்த சிறிது ரத்தம் கிருமிக்கு உணவாகிறது. சிரங்கு, சொறிந்த கொசுக்கடி, தோலழற்சி போன்ற ஏதோ ஒரு வாசல் வழியே கிருமி அதே சமயத்தில் ரத்தத்தில் நுழைந்திருந்தால் சீழ் பிடிக்க வழி கிடைத்துவிடும். நோயாளிகளில் கணிசமானோருக்கு இப்படி அடிபட்ட வரலாறு உண்டு. அதுவே வில்லங்கமும் ஆகிறது: "போன வாரம் விழுந்தான்" என்று சொன்னதும் எல்லோரும் சுளுக்கு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எந்தக் குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம்?

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து பதின்பருவம் வரை யாருக்கும் வரலாம். பையன்களுக்குச் சற்று அதிகம். பாதிக்கப்படும் குழந்தைகளில் பலர் அதுவரை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். சர்க்கரை நோய், ஹெச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, புற்றுநோய் சிகிச்சை, பிறவியிலேயே வெள்ளணுக் குறைபாடு ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். சின்னம்மை வந்து இரண்டு வாரங்களுக்குள் மறுபடி காய்ச்சலும் ஓரிடத்தில் கடும் வலியும் வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸை நினைக்க வேண்டும்.

உடம்பில் எந்த இடங்களில் வரும்?

பெரிய தசைகளில். தொடையின் முன்தசை, பிட்டம், தொடையின் உள்பக்கத் தசைகள், கெண்டைக்கால், முதுகெலும்பை ஒட்டிய இடுப்புத் தசை, இடுப்புக் கூட்டின் உட்சுவரில் இருக்கும் சிறு தசைகள். தோள், மேற்கை, முதுகு, விலாப் பகுதிகளிலும் பார்க்கலாம். ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று இடங்களில் சேர்ந்து வருவது உண்டு. எனவே ஓரிடத்தில் சீழ் எடுத்த பிறகும் "வேறெங்கும் வலிக்கிறதா" என்று தலைமுதல் கால்வரை அழுத்திப் பார்ப்பது அவசியம்.

நோய் எப்படி முற்றுகிறது?

மூன்று கட்டங்களாகச் சொல்வார்கள். எல்லாக் குழந்தைக்கும் இந்த வரிசை தப்பாமல் வராது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் மூன்றும் இரண்டு நாளில் முடிந்துவிடலாம்.

முதல் கட்டம் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம்வரை நீளலாம். விட்டுவிட்டு லேசான காய்ச்சல், தசை பிடித்துக்கொண்டதுபோல் மந்தமான வலி. அழுத்தினால் தசை மரக்கட்டைபோல் இறுகியிருக்கும். உள்ளே சீழ் இன்னும் சேரவில்லை. ஊசி போட்டு உறிஞ்சினாலும் ஒன்றும் வராது. ஆன்டிபயாடிக் மட்டுமே கொடுத்துக் குணப்படுத்தக்கூடிய கட்டம் இதுதான். ஆனால் மிகக் குறைவானவர்களே இந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

இரண்டாவது, சீழ் சேரும் கட்டம். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரம். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும், குளிர் நடுக்கம் வரும், தொடவிடாத வலி, தெளிவான வீக்கம். பெரும்பாலான குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேர்வது இப்போதுதான்.

மூன்றாவது கட்டத்தில் கிருமியும் நச்சும் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். குழந்தை சோர்ந்து, மூச்சிரைத்து, ரத்த அழுத்தம் இறங்கும். அப்போது காப்பாற்ற வேண்டியது தசையை மட்டுமல்ல.

சுளுக்கா, வைரஸ் வலியா, சீழா? வீட்டில் எப்படிப் பிரித்தறிவது?

நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அறியலாம்.

சுளுக்கு வலி முதல் இரண்டு நாள் கடுமையாக இருந்து பிறகு குறையும். சீழ் வலி நாளுக்கு நாள் கூடும். சுளுக்குக்குக் காய்ச்சல் வராது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு மேல் காய்ச்சலும் நொண்டலும் சேர்ந்திருந்தால் அதைச் சுளுக்கு என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் தசைவலிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. ஃப்ளூ, குறிப்பாக 'பி' வகை, தணியும் சமயத்தில் பள்ளி வயதுக் குழந்தை காலையில் எழுந்ததும் நடக்க மறுக்கும். அல்லது முன்னங்காலை ஊன்றி நடக்கும். இரண்டு கெண்டைக்காலும் வலிக்கும். காய்ச்சல் இறங்கியிருக்கும், குழந்தை மற்றபடி தெளிவாக இருக்கும். சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். இரண்டு கால் வலி, காய்ச்சல் இறங்குமுகம் என்றால் வைரஸ் பக்கம். ஒரு கால் வலி, காய்ச்சல் ஏறுமுகம் என்றால் பாக்டீரியா பக்கம். ஆனாலும் வைரஸ் வலியிலும் சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள், காத்திருக்கக் கூடாது.

வயிறு வலிக்கிறது என்றுதானே குழந்தை சொல்கிறது? அதுவும் இதுவாக இருக்குமா?

இருக்கலாம். இடுப்பு ஆழத்தில் இருக்கும் தசைகளில் சீழ் பிடித்தால் குழந்தை அடிவயிறு, முதுகு, இடுப்பு, சில சமயம் முழங்கால் வலிப்பதாகக்கூடச் சொல்லும். வெளியே வீக்கம் தெரியாது. குடல்வால் அழற்சி என்று அறுவை அறைக்குப் போய்விட்டு, குடல்வால் நன்றாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிய குழந்தைகள் மருத்துவ ஏடுகளில் நிறையவே உண்டு.

குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று கவனியுங்கள். இடுப்புத் தசையில் சீழ் இருந்தால் தொடையை மடக்கி, அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். காலை நேராக நீட்டினால் அலறும், மடக்கினால் அமைதியாகும். இடுப்பு மூட்டுக்குள் சீழ் இருந்தாலோ எந்தத் திசையில் சற்று அசைத்தாலும் வலிக்கும். மூட்டுச் சீழ் தனியாகவோ தசைச் சீழோடு சேர்ந்தோ வரலாம். அது சில நாட்களில் குருத்தெலும்பை அரித்துவிடும் என்பதால் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

வீட்டில் உருவி விடலாமா? ஒத்தடம் கொடுக்கலாமா?

உருவி விடவே கூடாது. சீழ் சேர்ந்த தசையை அழுத்தினால் கிருமி மறுபடி ரத்தத்துக்குள் தள்ளப்படும். பக்கத்துச் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) ரத்த உறைவு இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சூடான ஒத்தடம் ஆழமான சீழைக் கரைக்காது.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. சிரப் பாட்டிலில் அடர்த்தியைப் பார்த்து அளக்க வேண்டும்: 5 மி.லி.யில் 120 மி.கி. இருந்தால் 7.5 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. இருந்தால் 3.6 மி.லி. போதும். இரண்டையும் குழப்பினால் அளவு இரு மடங்காகிவிடும். சின்னம்மைக் குழந்தைக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள்.

மருந்து வேலை செய்யும் இரண்டு மணி நேரம் குழந்தை ஓடியாடுவதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மருந்தின் வேகம் இறங்கியதும் அதே இடத்தில் அதே வலி திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அது சீழை வற்றவைக்கப் போதாது. கல்ச்சரில் (ரத்தத்தில் அல்லது சீழில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளரவிடாமல் தடுக்க மட்டும் போதுமானதாக இருக்கும். கொடுத்திருந்தால் மறைக்காமல் பெயர், அளவு, கடைசி வேளை ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் செய்ய வேண்டியது ரத்த கல்ச்சர், ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே. குழந்தை ரத்த அழுத்தம் இறங்கிய அதிர்ச்சி நிலையில் இருந்தால் மட்டும் இதற்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது. எடைக்கேற்ற அளவு ரத்தம் எடுக்க வேண்டும். பாட்டிலில் 1 மி.லி.க்கும் குறைவாக விட்டால் இருக்கும் கிருமியும் பிடிபடாமல் போகும். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. இந்த நோயில் ரத்த கல்ச்சர் பாதிக்கு மேற்பட்டவர்களில் வெறுமையாகவே வரும். சீழை எடுத்துச் செய்யும் கல்ச்சர்தான் அதிகம் கைகொடுக்கும்.

ரத்த எண்ணிக்கையில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் ஏறியிருக்கும், அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் உயரத் தொடங்கி இரண்டு நாளில் உச்சம் தொடும். இன்னொரு அழற்சி அளவான ஈ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். தசை நொதியான சி.கே. பலரையும் குழப்பும்: சீழ் நோயில் அது பெரும்பாலும் சாதாரணமாகவோ சற்றே கூடுதலாகவோதான் இருக்கும். வைரஸ் தசைவலியில் ஆயிரக்கணக்கில் ஏறும். ஆக, சி.கே. சாதாரணம் என்பதால் தசையில் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அல்ட்ராசவுண்ட் விரைவானது, கதிர்வீச்சு இல்லாதது, மேலாகத் தெரியும் தசைகளுக்கு நல்லது. சீழ் சேராத முதல் கட்டத்திலும் இடுப்பு ஆழத்திலும் அது ஒன்றும் காட்டாமல் போகலாம். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ.தான். எந்தத் தசை, எத்தனை இடம், சீழ் திரண்டிருக்கிறதா, பக்கத்து எலும்பும் மூட்டும் தப்பியிருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டும். எலும்பில் வேறு கோளாறு உண்டா என்று பார்க்க எக்ஸ்ரே உதவும். தசைச் சீழை அது காட்டாது.

எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து தேவையா?

அசையாமல் படுக்க முடியாத சிறு குழந்தைகளுக்குத் தேவைப்படும். திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மயக்க மருத்துவர் சொல்வார். நேரம் தெரியாமல் ஊட்டிவிட்டால் ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். இந்த நோயில் ஒரு நாள் பெரிய இழப்பு.

சீழை எடுத்தே ஆக வேண்டுமா? மருந்தால் கரையாதா?

திரண்டுவிட்ட சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து போதிய அளவு போய்ச் சேராது. மில்லிமீட்டர் கணக்கில் சிதறிய சிறு திட்டுகள் மருந்துக்கே அடங்கலாம். திரண்ட கட்டியை வெளியேற்றியாக வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சுவது அல்லது நுனி சுருண்ட மெல்லிய குழாயை உள்ளே வைப்பது ஒரு வழி. சீழ் பல அறைகளாகப் பிரிந்திருந்தால், கெட்டியாக இருந்தால், செத்த தசை இருந்தால் திறந்த அறுவை சிகிச்சை. குழாய் வைத்த இடத்தில் தினமும் எத்தனை மி.லி. வருகிறது, என்ன நிறம் என்று எழுதி வைப்பார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மி.லி.க்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் விட்டால் எடுத்துவிடுவார்கள். குழாயில் வரத்துத் திடீரென நின்று காய்ச்சல் ஏறினால் அது குணத்தின் அறிகுறி அல்ல, குழாய் அடைத்திருக்கிறது.

என்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள்?

கிருமி தெரியும்வரை ஸ்டஃபைலோகாக்கஸை இலக்காக வைத்துச் சிரையில் ஊசி. எம்.ஆர்.எஸ்.ஏ. குறைவான பகுதியில் செஃபாசோலின் அல்லது க்ளோக்சசிலின் வகை. அது அதிகமான பகுதியிலும், குழந்தை மோசமான நிலையில் இருந்தாலும் வான்கோமைசின். நச்சு அறிகுறிகள் இருந்தால் கிருமியின் நச்சு உற்பத்தியையே நிறுத்தும் கிளிண்டாமைசினைச் சேர்ப்பார்கள். நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைக்குக் குடல் பாக்டீரியாக்களையும் அடக்கும் மருந்து கூடுதலாக வேண்டும்.

வான்கோமைசினைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, வேகத்தின் விளைவு. சிறுநீரகத்தைக் கவனிக்க கிரியாட்டினினும் மருந்தின் ரத்த அளவும் பார்ப்பார்கள்.

சிக்கல் இல்லாத குழந்தைக்கு மொத்தம் 2 முதல் 4 வாரம். எலும்பும் பாதித்திருந்தால் 4 முதல் 6 வாரம். காய்ச்சல் விட்டு ஓரிரு நாளாகி, சி.ஆர்.பி. தெளிவாக இறங்கி, குழந்தை அசைந்து சாப்பிடத் தொடங்கினால் வாய்வழி மருந்துக்கு மாற்றலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. வாய்வழி செஃபாலெக்ஸின் இந்த நோய்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 75 முதல் 100 மி.கி. வரை, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தரப்படுகிறது. தொண்டை வலிக்கும் தோல் புண்ணுக்கும் தருவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. "இவ்வளவு அதிகமாகவா?" என்று வேறு யாராவது குறைக்கச் சொன்னால் குறைக்காதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் தேட வேண்டும். வெளியேறாமல் நிற்கும் சீழ்தான் முதல் சந்தேகம். அடுத்து, வேறொரு தசையில் இரண்டாவது கட்டி. எலும்பு அல்லது மூட்டுக்குள் பரவியது. சிரையில் ரத்த உறைவு. இதய வால்வில் கிருமி. கல்ச்சர் முடிவில் கிருமி இந்த மருந்துக்கு அடங்குமா என்பதையும் சரிபார்ப்பார்கள். மறு ஸ்கேன், ரத்த கல்ச்சர், தேவைப்பட்டால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன். இவையெல்லாம் பார்க்காமல் இன்னும் வீரியமான மருந்துக்கு மட்டும் தாவுவது நாட்களை வீணாக்கும்.

குழந்தை தெளிந்து நடமாடும்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தசை இன்னும் வீங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. படத்தில் மாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கும்; படத்துக்கு அல்ல, குழந்தைக்குத்தான் சிகிச்சை.

என்னென்ன சிக்கல்கள் வரலாம்?

நுரையீரலிலிருந்து தொடங்கலாம். தசையிலிருந்து கிளம்பும் கிருமிக் கட்டிகள் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் வந்து நேரே நுரையீரலில் போய்ச் சிக்கும். எக்ஸ்ரேயில் அங்கங்கே உருண்டைத் திட்டுகளாகவும், பிறகு நடுவே பொந்து விழுந்தும் தெரியும். நெஞ்சுக்கூட்டிலும் சீழ் சேரலாம். கால் வலிக்குச் சேர்ந்த குழந்தைக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் "சளி பிடித்திருக்கிறது" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதோடு சேர்ந்தே வருவது ஆழ்சிரை ரத்த உறைவு. வீங்கிய தசை பக்கத்துச் சிரையை நெருக்குகிறது, கிருமியின் நச்சு ரத்தத்தை உறையவைக்கிறது. கட்டி இருக்கும் இடம் மட்டுமல்லாமல் கால் முழுவதும் வீங்கினால், தோலில் சிரைகள் புடைத்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை. உறைவு இருந்தால் அது வளராமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்து தொடங்குவார்கள்.

தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய சிக்கல். கெண்டைக்கால், முன்கை போன்ற இடங்களில் தசைகளைச் சுற்றி விரியாத உறை உண்டு. உள்ளே வீக்கம் கூடினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். சிறு குழந்தைக்கு மரத்துப்போவதைச் சொல்லத் தெரியாது. தேற்ற முடியாத பதற்றம், வலி மருந்து கொடுக்கக் கொடுக்கப் போதாமல் போவது, கால் விரலை மெல்ல மேலே மடக்கினாலே கத்துவது: இவைதான் அடையாளம். நாடி கிடைக்கிறது என்பதால் நிம்மதி அடைய முடியாது. நாடி கடைசியில்தான் போகும். உறையைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

நச்சு அதிர்ச்சி நோயில் தசையில் கட்டி சிறிதாகவே இருக்கலாம், ஆனால் குழந்தை படுமோசமாக இருக்கும். அதிக காய்ச்சல், வெயிலில் கருகியதுபோல் பரவலான சிவப்பு, சிவந்த கண், வாந்தி, வயிற்றுப்போக்கு, இறங்கும் ரத்த அழுத்தம். பிழைத்த குழந்தைக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரியும்.

இவை தவிர மூட்டுச் சீழ், எலும்பு அழற்சி, இதய உறையிலும் வால்விலும் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, அரிதாக மூளைச் சீழ். முதுகுத் தசையில் சீழ் பிடித்தால் தண்டுவடத்தைச் சுற்றிப் பரவலாம். கால்கள் பலமிழப்பது, சிறுநீர் அடைப்பது, பழகிய குழந்தை மறுபடி படுக்கையை நனைப்பது ஆகியவை உடனே சொல்ல வேண்டியவை.

"சதையைத் தின்னும் பாக்டீரியா" என்பதும் இதுதானா?

வேறு நோய், ஆனால் அக்கம்பக்கம். தசையின் மேலுறையும் தோலுக்கடித் திசுவும் வேகமாக அழுகுவது அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் தசையே அழுகுவதும் உண்டு. அங்கே சீழ் திரள்வதற்குள் திசு செத்துவிடும். பார்க்கும் அளவைவிட வலி பல மடங்கு இருப்பது, சிவப்பின் விளிம்பு மணிக்கு மணி நகர்வது, தோல் ஊதா நிறமாகிக் கொப்பளிப்பது, பிறகு திடீரென வலியே இல்லாமல் போவது அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது நல்ல செய்தி அல்ல, நரம்பு செத்துவிட்டது. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நோய் இது.

எப்போது நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

மேலே சொன்ன சிக்கல்களின் அடையாளம் எதுவும் இருந்தால். அதோடு: எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், சில்லிட்ட கைகால், திட்டுத்திட்டாக வெளிறிய தோல், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள்: 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50-ம், 1 முதல் 5 வயதுவரை 40-ம் அதற்கு மேலும் போனால் வேகமான மூச்சு. நெஞ்செலும்பின் மேல் விரலால் 5 நொடி அழுத்தி எடுங்கள்; வெளுத்த இடத்தில் 3 நொடியாகியும் நிறம் திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

மருந்தின் வேளைதான் முதலில். விழுங்கி அரை மணி நேரத்துக்குள் முழுவதும் வாந்தி எடுத்தால் அதே வேளையை மறுபடி கொடுக்கலாம். அடுத்த வேளையும் அப்படியே போனால் மருத்துவரை அழையுங்கள். கிளிண்டாமைசின் கடும் கசப்பு. மாத்திரையாக விழுங்கும் வயது என்றால் ஒரு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கவேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். ரத்தத்தோடு அல்லது தண்ணீராக அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள். லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை.

கால் நீட்டி மடக்கும் பயிற்சியை வலி குறைந்த உடனே தொடங்க வேண்டும். மடக்கியே வைத்திருந்தால் தசை சுருங்கிக்கொள்ளும். நொண்டல் முழுவதும் போய், இரண்டு கால் பலமும் சமமாகும்வரை ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் வேண்டாம்.

நிரந்தர ஊனம் வருமா?

நேரத்தில் பிடித்து, சீழை எடுத்து, மருந்தை முடித்த பெரும்பாலான குழந்தைகளில் எதுவும் மிஞ்சுவதில்லை. மூட்டோ எலும்போ சேர்ந்து பாதித்திருந்தால், அல்லது தசை செத்திருந்தால் விறைப்பு, கால் நீள வித்தியாசம் போன்றவை வரலாம். அந்தக் குழந்தைகளை வளர்ச்சி முடியும்வரை எலும்பு மருத்துவர் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மறுபடி வருமா? தடுக்க முடியுமா?

ஒரு முறை வந்து குணமானால் பெரும்பாலும் அதோடு சரி. இரண்டாவது முறை வந்தால், அல்லது விநோதமான கிருமி வளர்ந்தால் சர்க்கரை, ஹெச்.ஐ.வி., வெள்ளணுக்களின் செயல்பாடு, இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) ஆகியவற்றைச் சோதிப்பது அவசியம்.

வீட்டில் யாருக்காவது தோல் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் கிருமி குடும்பத்துக்குள் சுற்றுகிறது. மருத்துவர் சொன்னால் 2 சதவீத முபிரோசின் களிம்பை இரண்டு மூக்குத் துளையிலும் நாளுக்கு இரு வேளை, 5 நாள்; அதே 5 நாளும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் போட்டுக் குளியல், கண்ணிலும் காதிலும் படாமல். வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன்; குழந்தைக்கு மட்டும் செய்தால் கிருமி அடுத்த மாதம் திரும்பி வரும். துண்டு, ரேஸர் தனித்தனியாக. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சிரங்கையும் அரிப்பையும் அலட்சியம் செய்யாமல் உடனுக்குடன் மருந்து போடுங்கள். கிருமி நுழைந்த வாசல் பெரும்பாலும் அதுதான்.

பள்ளிக்கு அனுப்பலாமா? மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

தசைக்குள் இருக்கும் சீழ் யாருக்கும் ஒட்டாது. வெளியே கசியும் புண் இருந்தால் கட்டுப்போட்டு மூடியிருக்க வேண்டும். கட்டு நனைந்து ஊறினால் அன்று வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் இல்லாமல், மருந்து வேளை தவறாமல், நடக்க முடிகிற குழந்தை வகுப்புக்குப் போகலாம். நண்பகல் வேளை மருந்தை யார் கொடுப்பது என்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.